கேமரா, கைரேகை, ஜிபிஎஸ்: வேலையிடக் கண்காணிப்பு பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் நின்று வேலை பார்த்தவள் நான். இப்போது தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தண்டையார்பேட்டையில் எங்கள் சங்க அறையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் சம்பள பாக்கி, பி.எஃப்., போனஸ் என்றுதான் ஆட்கள் வருவார்கள். இப்போது சிசிடிவி படத்தின் பிரிண்டோடு ஒருவர் வருகிறார். "டூட்டி நேரத்தில் லொகேஷனை ஆஃப் செய்திருக்கிறீர்கள்" என்ற மெமோவோடு இன்னொருவர் வருகிறார். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் தரவுப் பாதுகாப்பு விதிகளும் ஒரே மாதத்தில் வந்துவிட்டன. அதற்கு முன் அச்சடித்த துண்டறிக்கை கையில் இருந்தால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கடையில கேமரா வைக்க ஓனருக்கு ரைட்ஸ் இருக்கா அக்கா?

இருக்கிறது. கல்லா, கோடவுன், வாசல், சரக்கு ஏற்றி இறக்கும் இடம் ஆகியவற்றில் கேமரா வைப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கடைக்காரர்களைக் கேமரா வைக்கச் சொல்லி போலீஸாரே வற்புறுத்துகிறார்கள்.

கேமரா என்றாலே எதிரி என்று நினைக்க வேண்டாம். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஹெல்ப்பர் ஒருவரின் விரல்கள் நசுங்கிப் போயின. அவர் கவனக்குறைவுதான் காரணம் என்று நிர்வாகம் எழுதி வைத்துவிட்டது. நாங்கள் கேமரா பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். சிக்னல் கொடுக்கும் முன்பே கிரேன் நகர்ந்திருந்தது. இழப்பீடு கிடைக்க அந்தப் பதிவுதான் சாட்சியாக நின்றது.

ஆகவே நான் முதலில் கேட்பது "எதற்கு வைத்தார்கள்?" என்பதைத்தான். திருட்டைத் தடுக்க வைத்த கேமராவை வைத்து யார் யாரோடு பேசுகிறார்கள், யார் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கும்போது வில்லங்கம் ஆரம்பிக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் எல்லாப் பதில்களிலும் இதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அந்தரங்க உரிமைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சாமே. அது வேலை செய்ற இடத்துக்கும் பொருந்துமா, இல்ல வாசல்ல செருப்போட கழட்டி வச்சிட்டுப் போகணுமா?

கழற்றி வைக்க வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1994-இல், நம் ஊர் ஆட்டோ சங்கர் வழக்கில் "தன்பாட்டுக்கு விடப்படும் உரிமை" பற்றி அதே நீதிமன்றம் பேசியிருக்கிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. அடிப்படை உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். மாநகராட்சி, துறைமுகம், மின்வாரியம் மாதிரியான இடங்களில் வேலை செய்பவர்கள் அந்தத் தீர்ப்பை நேரடியாகச் சுட்டிக்காட்டலாம். சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டிவிட்டபோது அவர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். குப்பை அள்ளுகிறவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பதை அவரைக் கைதியைப் போல் நடத்தாமலும் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

தனியார் முதலாளியிடம் அந்தத் தீர்ப்பை மட்டும் காட்டினால் போதாது. கீழே வரும் சாதாரணச் சட்டங்களைப் பிடித்துத்தான் போராட வேண்டும்.

டிரெஸ் மாத்துற ரூம்ல கேமரா மாதிரி ஒண்ணு தெரியுது. என்ன பண்றது?

முதலில் அதைத் தொடாதீர்கள். பிடுங்கிப் போட்டால் மெமரி கார்டோடு சாட்சியமும் போய்விடும். அது இருக்கும் இடம் தெரியும்படி உங்கள் போனில் படம் எடுங்கள். கூட இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்த அறையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். எல்லை வேறு என்று திருப்பி அனுப்ப முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181. சைபர் குற்றப் புகாருக்கு 1930.

இங்கே "எதற்கு வைத்தீர்கள்" என்ற கேள்விக்கே இடமில்லை. உடை மாற்றும் அறை, கழிவறை, குழந்தைக்குப் பால் கொடுக்கும் இடம் ஆகியவற்றில் கேமராவை நியாயப்படுத்த எந்தக் காரணமும் கிடையாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவுப்படி, தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். முதல் தடவைக்கு ஓர் ஆண்டுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. மறுபடி செய்தால் ஏழு ஆண்டு வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இது பாலியல் தொந்தரவும் ஆகும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகார் கொடுக்க மூன்று மாதம் கெடு; தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். "பேர் கெட்டுடும்" என்று ஒரு தங்கச்சி ஐந்து மாதம் கழித்து வந்தாள். போலீஸ் வழி திறந்திருந்தது. குழுவின் மூன்று மாதக் கெடு முடிந்திருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தள்ளிப் போடாதீர்கள்.

உக்காந்தா கேமராவுல பாத்துட்டு மைக்ல சத்தம் போடுறாங்க. இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?

நான் கடையில் இருந்த நாளில் சூப்பர்வைசர் மாடியில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். கூட்டமில்லாத மதியம் இரண்டரை மணிக்கு, புடவைக் கட்டின் மேல் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். "மூணாவது கவுண்டர், நேரா நில்லு" என்று ஸ்பீக்கரில் குரல் வரும். கஸ்டமர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கால் வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. வெரிகோஸ் நரம்பு புடைத்த காலோடு அப்போது வீட்டுக்குப் போன பலர் இன்றைக்கும் அதற்கு மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எங்களுக்குச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும்; வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். பக்கத்தில் கேரளா 2018-லேயே இதைச் செய்துவிட்டது.

ஆகவே அந்த மைக் சத்தம் சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்கிறது. நாற்காலி போடாமல் கேமரா மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தவரை மட்டும் கேமராவில் பிடித்து மெமோ கொடுக்கிறார்கள் என்றால் அந்த மெமோவைக் கிழித்துப் போடாதீர்கள். உங்கள் புகாருக்கு அதுதான் ஆதாரம்.

பாத்ரூம் போனா கதவுல கைரேகை வைக்கணும். பத்து நிமிஷம் தாண்டினா சம்பளத்துல பிடிக்கிறாங்க.

இப்படிப் பிடிக்க முடியாது. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி, எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதை அரசின் முன் அனுமதியோடு அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். அபராதம் போடும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் போடும் அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் சம்பளமென்றால் 360 ரூபாய்தான் உச்சம். 90 நாள் கழித்து வசூலிக்கவும் முடியாது. வசூலான காசும் முதலாளியின் பைக்குள் போகக் கூடாது, தொழிலாளர் நலனுக்குத்தான் செலவாக வேண்டும். வேலைக்கு வராத நேரத்துக்கான பிடித்தம் வேறு. அது வராத நேரத்தின் அளவுக்கு மட்டும்தான்.

மாதவிடாய், சர்க்கரை, கர்ப்பம் என்று உடம்பின் கதையையெல்லாம் அந்தக் கதவு பதிவு செய்கிறது. அதை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

கைரேகை மெஷின் என் விரலை எடுக்கவே மாட்டேங்குது. ஆப்சென்ட் போட்டுடுறாங்க.

காசிமேட்டில் ஐஸும் உப்பும் தொட்டு வேலை செய்பவர்கள், சலவைத் தொழிலாளிகள், சிமெண்ட் மூட்டை தூக்குபவர்கள் எல்லோருக்கும் ரேகை தேய்ந்துபோகிறது. குறை மெஷினில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அன்றைக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் "வந்துவிட்டேன், மெஷின் எடுக்கவில்லை" என்று நேரத்தோடு செய்தி போடுங்கள். மாற்று வருகைப் பதிவேடு கேட்டு ஒரு கடிதமும் கொடுங்கள்.

கைரேகை, முகம் எல்லாம் எடுத்து வச்சிக்கிறாங்களே, நம்ம சம்மதம் வேணாமா?

வேண்டும். கைரேகை மாதிரியான உடல் அடையாளங்களை 2011ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் நுண்மையான தனித்தகவல் என்று வகைப்படுத்துகின்றன. எழுத்தில் சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும். பெரிய கம்பெனி என்றில்லை, ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கும் இது பொருந்தும். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. அதனால்தான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

இந்த ஏற்பாடு மாறப் போகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பர் 14 அன்று வெளிவந்தன. அதன் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே நடுவில்தான் அமலாகும். அதுவரை மேலே சொன்ன பழைய விதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுச் சட்டம் வந்தா நமக்கு நல்லதா?

பாதிதான். உள்ளதைச் சொல்ல வேண்டும். சம்மதம் கேட்கும் இடத்தில் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். குறை சொல்ல ஒரு வழியை நிறுவனம் திறந்து வைத்தாக வேண்டும்.

ஆனால் 7ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. வேலைவாய்ப்புக்காகவோ, முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவோ என்றால் சம்மதம் இல்லாமலே தரவை எடுக்கலாம். அப்படி எடுத்த தரவைக் காட்டச் சொல்லும் உரிமையும் அழிக்கச் சொல்லும் உரிமையும் சம்மதத்தோடு கட்டப்பட்டிருப்பதால் தொழிலாளிக்கு வலு குறைகிறது. அந்த 250 கோடியும் அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இருந்த 43ஏ பிரிவையும் இது எடுத்துவிடுகிறது. இது தொழிலாளிக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். சங்கங்கள் இதை உரக்கப் பேச வேண்டும்.

ட்ரெய்லர் ஓட்டுறேன். ஒரு கேமரா ரோட்டைப் பாக்குது, இன்னொண்ணு என் மூஞ்சியப் பாக்குது. நைட்டு அந்த கேபின்லதான் படுக்குறேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ராத்திரி முழுக்க நின்ற நாட்களும் உண்டு. அந்த நேரத்தில் கேபின்தான் அண்ணனுக்கு அடுக்களை, அதுதான் படுக்கை. லுங்கிக்கு மாறுவதும், வீட்டோடு வீடியோ காலில் பேசுவதும், அழுகை வந்தால் அழுவதும் அங்கேதான்.

வண்டி ஓடும்போது டிரைவரைப் பார்க்கும் கேமராவை நான் எதிர்க்க மாட்டேன். கண் அசந்தால் அலாரம் அடித்து உயிரைக் காப்பாற்றுகிறது. இன்ஜின் அணைந்த பிறகு அதற்கு அங்கே என்ன வேலை? சாவியைத் திருப்பினால் உட்பக்கக் கேமராவும் அணையும்படி வயரிங் செய்ய முடியும். அதைக்கூடச் செய்ய மனமில்லாத ஒரு ஓனரிடம் ஐந்து டிரைவர்கள் சேர்ந்து போனார்கள். லென்ஸுக்கு மூடி போட ஒத்துக்கொண்டார்: நின்றால் மூடலாம், கிளம்பினால் திறக்க வேண்டும். தனியாகப் போன அண்ணனை அதற்கு முந்தின மாதம்தான் "இஷ்டமில்லன்னா சாவியக் கொடு" என்று அனுப்பியிருந்தார் அவர்.

வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் ஓனரின் சொத்து. அதில் தகராறு செய்யாதீர்கள். உங்களுக்கும் அது உதவும். ஹால்டிங் காசு தர மறுத்தால், எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றீர்கள் என்பதற்கு அந்த ஜிபிஎஸ் பதிவே சாட்சி. உங்கள் சொந்த போனில் ஆப் போடச் சொன்னால் "ஆப் பயன்படுத்தும்போது மட்டும்" என்ற லொகேஷன் அனுமதியைக் கொடுங்கள். டூட்டி முடிந்து வியாசர்பாடியில் மாமியார் வீட்டுக்குப் போனதெல்லாம் கம்பெனிக்குத் தெரிய வேண்டியதில்லை.

வீட்லருந்து கம்பெனி லேப்டாப்ல வேலை. அடிக்கடி ஸ்க்ரீன்ஷாட் எடுக்குதாம். சரியா?

கம்பெனி லேப்டாப்பில் நீங்கள் அடிக்கும் எழுத்து, திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் அவர்கள் பார்க்க முடியும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதங்களில் பெரும்பாலும் அது இருக்கும், எடுத்துப் படியுங்கள். பேங்க், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வேறு வேலைக்கான மனு எதையும் அதில் திறக்காதீர்கள்.

வெப்கேமைத் தொடர்ந்து திறந்து வைக்கச் சொல்வது வேறு விஷயம். பெரம்பூரில் ஒற்றை அறை வீட்டில் பின்னால் அம்மா குளித்துவிட்டு வருவார், குழந்தை தூங்கும். அவர்கள் யாரும் கம்பெனி ஊழியர்கள் இல்லை. இதை ஹெச்.ஆருக்கு மெயிலில் எழுதுங்கள்.

ருமேனியாவில் ஒரு பொறியாளர் கம்பெனியின் யாஹூ மெசஞ்சரில் குடும்பத்தோடு பேசியதைப் படித்துப் பார்த்து வேலையை விட்டுத் தூக்கினார்கள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எந்த அளவுக்குப் பார்ப்போம், எதற்குப் பார்ப்போம் என்று அவருக்கு முன்கூட்டியே சரியாகச் சொல்லவில்லை என்பது அதில் முக்கியக் காரணம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வெளிநாட்டு கிளையன்டுக்கு வேலை செய்யும் கம்பெனியின் ஹெச்.ஆருக்கு அது தெரிந்திருக்கும்.

மவுஸ் தானாக நகரும் கருவி வாங்கலாமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். வேண்டாம். மாட்டினால் ஏமாற்று வேலை என்று எழுதிவிடுவார்கள்.

என் சொந்த போனை வாங்கி வாட்ஸ்அப் பாக்குறாங்க.

கொடுக்காதீர்கள். உங்கள் அனுமதி இல்லாமல் திறந்து பார்ப்பதும் எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளில் வரும். கெட்ட நோக்கம் இருந்தால் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. போனை வெளியே லாக்கரில் வைக்கச் சொன்னால் வையுங்கள், லாக் போட்டு வையுங்கள்.

கேமராவுல தெரிஞ்சதுன்னு வேலையை விட்டே அனுப்பிட்டாங்க.

பதிவின் நகலை உடனே எழுத்தில் கேளுங்கள். பல ரெக்கார்டர்களில் சில வாரங்களில் பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். ஐந்து விநாடித் துண்டைக் காட்டினால் முன்னும் பின்னுமாக அரை மணி நேரப் பதிவைக் கேளுங்கள். கோர்ட்டுக்குப் போனால், மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. தவறு செய்தார் என்று நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால் விசாரணை நடத்தி நிரூபித்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, நாளைக் கடத்தாதீர்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லையே.

தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. மாநில ஆணையம் உயர் நீதிமன்ற வளாகத்தில், வடக்குக் கோட்டை சாலையில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, அடுத்தது உயர் நீதிமன்றம்.

தனியா கேட்டா வேலை போயிடுமே?

போகலாம். அதனால்தான் சேர்ந்து கேட்கச் சொல்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று. சாப்பிட எத்தனை நிமிடம், கழிவறைக்கு எத்தனை நிமிடம் என்ற வாக்குவாதம் இந்த ஊருக்குப் புதிதில்லை.

கடிதத்துல என்ன எழுதணும்?

சண்டைத் தொனி வேண்டாம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ஐயா, நாங்கள் தங்கள் நிறுவனத்தில் வேலை செய்யும் கீழே கையெழுத்திட்டவர்கள். வேலையிடத்தில் கேமராவும் கைரேகை இயந்திரமும் வைக்கப்பட்டுள்ளன. இவை எதற்காக வைக்கப்பட்டன, எந்தெந்த இடத்தில் உள்ளன, பதிவுகளை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், வேலையை விட்டு நின்றவர்களின் கைரேகை அழிக்கப்படுகிறதா என்பதை எழுத்து மூலமாகத் தமிழில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சம்பளப் பிடித்தத்துக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ இந்தப் பதிவைப் பயன்படுத்தினால், எங்களுக்கு நகல் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகே செய்ய வேண்டுகிறோம்."

கையெழுத்துகளை வட்டமாகப் போடுங்கள், யார் முதலில் போட்டது என்று தெரியாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அந்த ரசீதோடு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இருப்பேன்.